வயசு அப்படிங்கய்யா

மனைவி ஜீவனாம்சம் கேட்டு வந்தால் சட்டம் அவளுடைய நடத்தையைப் பற்றி இரண்டு கேள்வியாவது கேட்கும். வேறொருவரோடு வாழ்கிறாளா, தக்க காரணம் இல்லாமல் கணவனோடு இருக்க மறுக்கிறாளா என்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவில் நான்காம் உட்பிரிவாக அது இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவுக்குக் குடிபெயர்ந்து அப்படியே இருக்கிறது. அதே பிரிவின் கீழ் ஓர் அப்பா பிள்ளையிடம் ஜீவனாம்சம் கேட்டால் அப்படி ஒரு கேள்வியும் கிடையாது. அவரால் பிழைக்க வழியில்லை, பிள்ளைக்கு வசதி இருக்கிறது, பிள்ளை கவனிக்கவில்லை. இந்த மூன்றையும் காட்டினால் போதும். அவர் எப்படிப்பட்ட அப்பாவாக இருந்தார் என்பது வழக்குக்குள் வராது.

2006-இல் ஒரு டீச்சர் கோர்ட் சம்மனோடு என்னிடம் வந்தார். அரசு உதவி பெறும் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. நான் புத்தகத்தை எடுத்துப் பிரிவைக் காட்டினேன். பாடம் படிப்பதுபோல விரலை வைத்து வரிவரியாக வாசித்தார். முடித்துவிட்டு, "சார், இதுல அப்பான்னா யாருன்னு எழுதலையே" என்றார்.

விருதுநகர் மாவட்டத்தில் நடந்த வழக்கு. ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதற்காகச் சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். மனுதாரர் டீச்சரின் அப்பா, எழுபத்திரண்டு வயது. லாரி டிரைவராக இருந்தவர். 1974 ஆடி மாசம் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனவர் வீடு திரும்பவில்லை. அப்போது டீச்சருக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஆறு. அம்மா சத்திரப்பட்டிப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் கூலிக்குப் போனார். பள்ளிக்கூடம் விட்டதும் மகளும் அங்கே போய்த் தார் சுற்றினாள். அந்தக் கூலியில் படித்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைக்குப் போய், தம்பியைத் திருப்பூருக்கு அனுப்பி, அம்மாவை வைத்துப் பார்த்து, அம்மாவைத் தூக்கியும் போட்டாகிவிட்டது. அதன் பிறகுதான் சம்மன்.

ஒரு விஷயம் வக்கீல்களுக்கு மட்டும் வேடிக்கையாகத் தோன்றும். 1898-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தில் ஜீவனாம்சம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டும்தான். பெற்றோரையும் அதில் சேர்த்தது 1973-ஆம் வருஷச் சட்டம். அது அமலுக்கு வந்தது 1974 ஏப்ரல் முதல் தேதி. பெற்றோருக்கு அந்த உரிமை பிறந்து நாலு மாசம்கூட ஆகாத நிலையில் இவர் லாரியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். அன்றைக்கு அந்தச் சட்டம் இவருக்கு எதிராகத்தான் பேசியிருக்கும். டீச்சரின் அம்மா பேசவைத்துப் பார்க்காமலும் இல்லை. ஒரு வக்கீலைப் பிடித்து நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். எல்லாம் சேர்த்து மாசம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கோர்ட் தர முடியாத காலம் அது. அந்த உச்சவரம்பை 2001-இல்தான் எடுத்தார்கள். ஆனால் ஐந்நூறு, ஐம்பது என்ற பேச்சுக்கே இடம் வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கிற லாரிக்கு எந்த விலாசம்? பதிவுத் தபால் திரும்பி வந்துவிட்டது. அந்தக் கவரை அம்மா தூக்கிப் போடாமல் ரேஷன் கார்டோடு வைத்திருந்தார். டீச்சர் அதை என் மேசைமேல் வைத்தார். பிரிக்கப்படாத உறை. 'விலாசதாரர் இல்லை' என்று தபால்காரர் சிவப்பு மையில் எழுதிய வரி பழுப்பேறிப் போயிருந்தது. "இதை எக்சிபிட்டாப் போடுங்க சார்" என்றார். போட்டேன். எதிர்மனுதாரர் தரப்பு முதல் சான்றாவணம்.

பெரியவர் ஏன் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வடக்கே ஓர் அம்மாவோடு இருந்தார். அந்த அம்மா இறந்ததும் அவருடைய மகன்கள் இவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். சொந்த ஊருக்கு வந்து பங்காளி வீட்டுத் திண்ணையில் கொஞ்ச நாள், கோவில் மண்டபத்தில் கொஞ்ச நாள் இருந்திருக்கிறார். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டபோது கிராம நிர்வாக அலுவலர், "டீச்சர் வேலை பாக்குற மக இருக்கும்போது உங்களை ஆதரவற்றவர்னு நான் எப்படி எழுதுறது?" என்று கேட்டாராம். அந்த நிமிஷம் வரைக்கும் மகள் டீச்சர் என்பதே அவருக்குத் தெரியாது. திருப்பூர்ப் பையனை மனுவில் சேர்க்கவில்லை. தினக்கூலிக்காரனுக்குச் சம்பளச் சான்று கிடைக்காது அல்லவா? இலவச சட்ட உதவியில் வக்கீல் கிடைத்தார். மாசம் மூவாயிரம் கேட்டு மனுத் தாக்கல் ஆனது.

டீச்சர் என்னிடம் முதல் நாளே சொன்னது இது: "ஒரு பைசா தர மாட்டேன் சார். ஆனா அதுக்காக உங்ககிட்ட வரல. அவர் கூண்டுல ஏறும்போது ஏன் போனாருன்னு கேக்கணும். நீங்க கேப்பீங்களா?"

சட்டப்படி அது கேட்கக் கூடாத கேள்வி. மகள் கல்யாணமாகிப் போனவள், அவள் அப்பாவுக்குச் சோறு போட வேண்டியதில்லை என்றெல்லாம் வாதாடும் வழியும் 1987-இலேயே அடைபட்டுவிட்டது. கல்யாணில் டாக்டராக இருந்த ஒரு மகளுக்கு எதிராக, இரண்டாம் மனைவியோடு இருந்த அப்பா போட்ட வழக்கில், மகளுக்கும் அந்தக் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொல்லிவிட்டது. எனக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு சின்னச் சந்து. 'கவனிக்காமல் விட்டார் அல்லது மறுத்தார்' என்று சட்டம் சொல்கிறது. யாரென்றே தெரியாத ஒருவரைக் கவனிக்காமல் விட முடியுமா? பலம் இல்லாத வாதம்தான். ஆனால் அந்தச் சந்து வழியாக டீச்சரின் கேள்வியை உள்ளே கொண்டுபோகலாம். அதனால் பிடித்துக்கொண்டேன்.

விசாரணைக்கு முன்னாலேயே பெரியவர் கோர்ட் வளாகத்தில் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டார். இதை எதிர்பார்க்கவில்லை. வில்லனை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் வெற்றிலைச் சிரிப்போடு, பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளும் மனிதர். டவாலியிடம் அவருடைய மூட்டுவலிக்கு எண்ணெய் சொல்வார். என் குமாஸ்தாவிடமே, எதிர்த்தரப்பு வக்கீலின் குமாஸ்தா என்று தெரிந்தும், டீக்குக் காசு வாங்கியிருக்கிறார். குமாஸ்தாவும் கொடுத்திருக்கிறார். "நல்ல மனுசன் சார்" என்றார் என்னிடம். அது பொய்யில்லை. அவர் இருக்கிற இடத்தில் பிரியமாக இருப்பார். இல்லாத இடம் அவருக்குக் கிடையாது. வடக்கே இருந்த வீட்டிலும் முதல் நாளிலிருந்து அப்படித்தான் இருந்திருப்பார். இந்த வீட்டிலும் 1974 ஆடி வரைக்கும் அப்படித்தான் இருந்தார் என்று டீச்சரே ஒருநாள் சொன்னார். தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போவாராம். "அதான் சார் ஆத்த முடியல. மோசமான அப்பான்னா போயிட்டான்னு விட்டிருப்போம்."

குடித்துவிட்டு அடிக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களை வீடு ஒரு வழியாக மறந்துவிடும். இந்த மாதிரி ஆட்களைத்தான் மறக்க முடியாது.

குறுக்கு விசாரணை ஒருநாள் மத்தியானத்துக்குப் பின் வந்தது. தொடக்கக் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன். மகளுக்கு எந்த வருஷம் கல்யாணம்? தெரியாதுங்க. மனைவி எப்போது இறந்தார்? கேள்விப்பட்டேனுங்க. பேரப்பிள்ளைகள் எத்தனை? ரெண்டுன்னு சொன்னாங்க. எல்லாம் எதிர்பார்த்த பதில்கள்தான். 'கடைசியாக மகளைப் பார்த்தபோது அவளுக்கு என்ன வயது?' என்று கேட்டேன்.

பெரியவர் யோசித்தார். பிறகு கூண்டின் மரச்சட்டத்துக்கு வெளியே வலது கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, "இம்புட்டு உசரம் இருந்துச்சுங்க" என்றார்.

பெஞ்ச் கிளார்க் தலையைத் தூக்கிப் பார்த்தார். உயரத்தை எப்படிப் பதிவு செய்வது? நடுவர் டைப்பிஸ்ட்டிடம், 'சாட்சி கையால் உயரம் காட்டுகிறார், சுமார் மூன்றரை அடி' என்று சொல்லிப் பதியவைத்தார். அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சாயங்காலம் அலுவலகத்துக்கு வந்தபோதுதான் டீச்சர் சொன்னார்: "எனக்கு அப்பவே அவர் தோளுக்குக் கிட்ட உயரம் சார். அவர் காட்டுனது தம்பி."

அந்தக் கேள்வியையும் கேட்டேன். ஏன் போனீர்கள்? மனுதாரர் தரப்பு இளம் வக்கீல் எழுந்து ஆட்சேபம் சொன்னார். நியாயமான ஆட்சேபம். 'கவனிக்க மறுத்தாரா' என்பதைத் தீர்மானிக்க, கவனிக்க வாய்ப்பு இருந்ததா என்பதும் தெரிய வேண்டும் என்று நான் ஏதோ சொன்னேன். நடுவர் என்னைவிட வயதில் சின்னவர். பேனாவை மூடி வைத்துவிட்டு, "பதில் சொல்லுங்க பெரியவரே" என்றார்.

"அப்ப வயசு அப்படிங்கய்யா."

"என்ன வயசு?"

"நாப்பது இருக்கும்."

"இப்போ மகளைத் தேடி எதுக்கு வந்தீங்க?"

"வயசாயிருச்சுல்லங்க."

கோர்ட்டில் சிரிப்பு. டவாலி முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன சொல்லிவிட்டோம் என்று புரியாமல் பெரியவரும் சேர்ந்து சிரித்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீச்சர் மட்டும் குனிந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

வயதைச் சொல்லித் தப்பிப்பது அவர் கண்டுபிடித்த தந்திரமல்ல. கோர்ட்டில் அதிகம் எடுத்து வைக்கப்படும் வாதமே அதுதான். சட்டமே அதற்கு எண் போட்டுக் கொடுத்திருக்கிறது. ஏழு வயதுக்குக் கீழே எதைச் செய்தாலும் குற்றமில்லை. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில், செய்வது என்னவென்று புரியும் பக்குவம் இருந்ததா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வரை சிறார். இருபத்தொன்றுக்குக் கீழே என்றால் சிறைக்கு அனுப்புமுன் நன்னடத்தை யோசிக்க வேண்டும். நடுவில் ஒரு நீண்ட மௌனம். பிறகு அறுபதில் மூத்த குடிமகன். தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டால் இருபத்தைந்து வயதுக்காரன் 'இளம் வயது, தெரியாம நடந்துபோச்சு' என்பான். ஐம்பதுக்காரன் 'பொம்பளப் பிள்ளைகளைக் கட்டிக்கொடுக்கணும்' என்பான். எழுபதுக்காரர் ஒன்றும் சொல்லாமல் இருமுவார். மூன்று பேரும் ஒரே ஆளாக இருந்து நான் பார்த்திருக்கிறேன். வேறு வேறு வழக்கில், வேறு வேறு வயதில்.

வயதானால் மனுஷன் கனிவான் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மாங்காய் மாம்பழம் ஆகிறது என்பதற்காக வந்த நம்பிக்கையாக இருக்கலாம். என் அனுபவத்தில், வயது மனுஷனிடமிருந்து சில காரியங்களைச் செய்யும் தெம்பை எடுத்துவிடுகிறது. செய்ய வேண்டும் என்ற குணத்தை எடுப்பதில்லை. நாற்பதில் அடுத்தவன் வரப்பை ஒரு சாண் வெட்டியவர், எண்பதில் கட்டிலில் படுத்துக்கொண்டு பேரனுக்கு எந்தப் பக்கம் வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதைப் பார்த்தவன் நான். மாறியவர்களும் உண்டு. ஆயுள் தண்டனை முடித்து வந்த ஒருவர் எறும்பை மிதிக்கப் பயந்து நடக்கும் ஆளாக இருந்தார். சிறை அவரை மாற்றிவிட்டது என்று நினைத்தேன். அவருடைய அக்காவிடம் பேசியபோது, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அந்த ஒரு ராத்திரி மட்டும்தான் வேறு ஆளாக இருந்தான் என்றார்.

டீச்சருக்கு வயதைச் சொல்லும் வசதி எந்தக் காலத்திலும் வாய்க்கவில்லை. நம் உலா இலக்கியங்கள் பெண்ணின் பருவத்தை ஏழாகப் பிரித்து, ஐந்து வயதுப் பேதையில் தொடங்கி, நாற்பது வயதுப் பேரிளம்பெண்ணோடு நிறுத்திவிடும். எட்டிலிருந்து பதினொன்று வரை பெதும்பை. இந்தப் பெதும்பை தறிக்கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். வழக்கு நடந்தபோது நாற்பத்து மூன்று. புலவர்கள் கணக்குப்படி அதற்கு மேல் பெண்ணுக்குப் பெயரே இல்லை.

வாதத்தின்போது மனுதாரர் வக்கீல் மகன் தந்தைக்குச் செய்ய வேண்டிய உதவியைப் பற்றிய குறளைச் சொன்னார். மக்கட்பேறு அதிகாரத்தின் கடைசிக் குறள். நல்ல உச்சரிப்பு. நான் எழுந்து, கனம் கோர்ட்டார் அவர்களே, அதே அதிகாரத்தில் அதற்கு மூன்று குறள் முன்னால் தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியதையும் வள்ளுவர் சொல்லியிருக்கிறார், வரிசையிலும் அதுதான் முதலில் வருகிறது என்றேன். நடுவர் சிரித்துவிட்டு, "ரெண்டையும் ஆர்டர்ல எழுத மாட்டேன். அக்கவுன்டுக்கு வாங்க" என்றார். சம்பளம் எவ்வளவு, வீட்டுக் கடன் எவ்வளவு, பிள்ளைகள் படிப்புச் செலவு எவ்வளவு என்று அரைமணி நேரம் கணக்குப் பார்த்தோம்.

உத்தரவு வந்தது. மாசம் ஆயிரம் ரூபாய், மனுத் தேதியிலிருந்து. மனுதாரரின் கடந்தகால நடத்தை இந்தப் பிரிவின் கீழ் ஆராயத் தக்கதல்ல என்று ஒரு வரி இருந்தது. அது சரியான சட்டம். ஆனால் மூவாயிரம் கேட்டவருக்கு ஆயிரம் ஏன் என்பதற்கு உத்தரவில் திருப்தியான விளக்கம் இல்லை. டீச்சரின் சம்பளத்துக்கு இரண்டாயிரம் கொடுத்திருந்தாலும் மேல்கோர்ட்டில் நின்றிருக்கும். சட்டம் கேட்காத கேள்வியை நடுவர் தொகையில் கேட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு தரப்புக்கும் திருப்தி இல்லை. யாரும் சீராய்வுக்குப் போகவில்லை.

சட்டம் அப்பாவின் நடத்தையைக் கேட்காமல் விட்டது சரிதானா என்று இளம் வக்கீல்கள் என்னிடம் வாதாடுவதுண்டு. சரி என்றுதான் சொல்வேன். கேட்க ஆரம்பித்தால் எந்த மகனிடம்தான் ஒரு பட்டியல் இருக்காது? அண்ணனுக்கு சைக்கிள், எனக்கு இல்லை என்பதிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு கிழவரும் தன் நாற்பது வயதுக்குப் பதில் சொல்லிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். அதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். பசிக்கு வாய்தா கிடையாது. ஆனால் மனைவியிடம் மட்டும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருப்பது ஏன் என்று அவர்கள் திருப்பிக் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அது ஆண்கள் எழுதிய சட்டம் என்பதைத் தவிர.

"ஒரு பைசா தர மாட்டேன்" என்ற டீச்சர் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த மாசம் ஐந்தாம் தேதி மணியார்டர் அனுப்பினார். அதற்கடுத்த மாசமும் ஐந்தாம் தேதி. ஆயிரம் ரூபாய்க்குக் கமிஷன் ஐம்பது ரூபாய். ஒரு நாற்பது பக்க நோட்டில் தொகை, கமிஷன், ரசீது எண் எல்லாம் அவருடைய கரும்பலகைக் கையெழுத்தில் வரிசையாக இருந்தது. நிலுவைத் தொகையை நாலு தவணையாகக் கட்டி முடித்தார். செய்தி எழுதும் இடத்தில் எதுவும் எழுத மாட்டார். ஒரு மாசம்கூடத் தவறியதில்லை. பாக்கி வைத்தால் கோர்ட் வாரண்ட் போடும், ஒரு மாசம் வரை உள்ளே வைக்கலாம் என்று நான் சொல்லியிருந்தது உண்மைதான். ஆனால் அந்தப் பயத்தில் கட்டவில்லை. பாக்கி வைப்பது அவருக்குத் தெரியாது. தறிக்கூட முதலாளியிடம் வாங்கிய முன்பணத்தை வாராவாரம் கழித்துக் கொடுத்த அம்மாவின் மகள் அவர்.

பெரியவர் டீக்கடையில் உட்கார்ந்து, "எம் மக மாசாமாசம் அனுப்புது. அஞ்சாந்தேதின்னா அஞ்சாந்தேதிதான்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாராம். கோர்ட் உத்தரவு என்ற பேச்சே இல்லை. இது காதுக்கு வந்தபோது டீச்சருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. "பாசத்துல அனுப்புறேன்னு ஊரே நினைக்குது சார். இதை நிறுத்த ஏதாவது வழி இருக்கா?" வழி இல்லை. அவர் பொய் சொல்லவும் இல்லை. மகள்தான் அனுப்புகிறாள், மாசாமாசம்தான் அனுப்புகிறாள். இரண்டு பேரும் அவரவர் குணப்படியே நடந்துகொண்டார்கள். அதில் கோர்ட் உத்தரவு ஒரு முகவரியை மட்டும் சேர்த்தது.

2012-இல் அவர் இறந்தார். தம்பி திருப்பூரிலிருந்து வந்து காரியம் செய்தான். டீச்சர் போனாரா என்று நான் கேட்கவில்லை.

அதற்குள் சட்டமும் மாறிவிட்டது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இல் வந்தது. இப்போது இந்த மாதிரி மனுக்கள் பெரும்பாலும் கோட்டாட்சியரிடம் போகின்றன. மாசம் பத்தாயிரம் வரை உத்தரவு போடலாம். அந்தத் தீர்ப்பாயத்தில் கட்சிக்காரருக்காக வக்கீல் ஆஜராகக் கூடாது என்று 17-ஆவது பிரிவு சொல்கிறது. வயதானவர்களை வாய்தா வாய்தாவாக அலையவிடாமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் கூண்டும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. இன்றைக்கு அந்த டீச்சர் மாதிரி ஒருத்தி போனால், ஏன் போனீர்கள் என்று அப்பாவைக் கேட்க ஆள் இருக்காது. அவள் தானே கேட்க வேண்டும்.

2025-இல் டீச்சர் மறுபடி வந்தார், ஓய்வு பெற்றபின், மகனோடு. வீட்டுக்கு மாடி எடுக்க மகன் கடன் வாங்க வேண்டும், அதற்கு வீட்டை அவன் பேருக்குச் செட்டில்மென்ட் எழுத வேண்டும். இப்போது டீச்சரே மூத்த குடிமகள். நான் வழக்கமாக எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னேன். உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். 2007 சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி, அந்த நிபந்தனையோடு கொடுத்து, வாங்கியவர் கவனிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்தது என்று காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் சொன்னது. இன்னொரு அமர்வு 2025 ஜனவரியில் இந்தச் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எந்த அமர்வு எப்படிச் சொன்னாலும், எழுதி வைத்தால் சண்டை இல்லை.

மகனுக்கு முகம் மாறிவிட்டது. "என்னம்மா, என்னை நம்பலையா?"

"நம்பாம வீட்டை எழுதித் தருவேனா? நீ என் மகன். எங்கப்பாவுக்குப் பேரனும்கூட."

"அவரை நான் பாத்ததே இல்லையேம்மா."

"நான் மட்டும் எத்தனை நாள் பாத்தேன்?"

சூழ்நிலையைத் தணிக்க நான் உயில் யோசனையைச் சொன்னேன். உயில் என்றால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், உங்கள் காலம்வரை வீடு உங்களிடமே இருக்கும் என்றேன். மகனுக்கு அதிலும் சிக்கல், உயிலைக் காட்டினால் வங்கி கடன் தராது. டீச்சர் சொன்ன காரணம் வேறு. "வேண்டாம் சார். உயில்னா நான் போற நாளைப் பாத்து இவன் காத்துக்கிட்டு இருக்கணும். அது எனக்கு ஒண்ணும் செய்யாது. இவன் புத்திக்கு நல்லதில்ல."

செட்டில்மென்ட்டுக்கே வரைவு தயாரித்தோம். வழக்கமாக வரும் 'அன்பு மற்றும் பாசத்தின் காரணமாக' என்ற வரியை டீச்சர் அடிக்கச் சொன்னார். நான் தடுத்தேன். அந்த வரியிலிருந்தே பராமரிக்கும் நிபந்தனையை ஊகித்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த வருஷம்தான் சொல்லியிருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்றேன். சரி, அதோடு இதையும் சேருங்கள் என்று மாசத் தொகையைச் சொன்னார், தேதியையும் சொன்னார். ஒவ்வொரு மாசமும் ஐந்தாம் தேதிக்குள்.

மகன் வரைவை வாங்கிப் படித்துவிட்டு, தனக்குச் சம்பளமே ஐந்தாம் தேதிக்கு மேல்தான் வருகிறது, ஏழு என்று போட முடியுமா என்று கேட்டான். டீச்சர் கொஞ்சம் யோசித்து ஒப்புக்கொண்டார்.